பந்தோபஸ்துக்குக் கிளம்பும் முன் ஹெல்மெட்டைப் பார்ப்பது எப்படி?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். லத்தியால் ஓங்கி அடித்து 'நல்லா ஸ்ட்ராங்காத்தான் இருக்கு' என்று சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், தம்பிகளா. ராயபுரம் பக்கம் நான் ஏட்டாக இருந்தபோது புது ஹெல்மெட் வந்தாலே யாராவது ஒருவர் இதைச் செய்வார், நாங்களும் சிரித்துக்கொண்டு நிற்போம். சோதனைக்கூடத்திலும் அடிக்கத்தான் செய்கிறார்கள்; சூட்டிலும் குளிரிலும் தண்ணீரிலும் வைத்து எடுத்து, தலை மாதிரி ஒரு அச்சில் மாட்டி, உள்ளே எவ்வளவு அதிர்ச்சி இறங்குகிறது என்று அளப்பார்கள். ஆனால் அங்கே அடி வாங்கியது அப்புறம் யார் தலைக்கும் போகாது. உள்ளே தெர்மாகோல் வைத்த ஹெல்மெட் என்றால், அது ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான், மேல் ஓடு மட்டும் பளபளவென்று இருக்கும்.

சரி, முத்திரை. இந்தியத் தர எண் பைக் ஹெல்மெட்டுக்கு ஐஎஸ் 4151, போலீசுக்கான உலோகமல்லாத ஹெல்மெட்டுக்கு ஐஎஸ் 9562. ஐஎஸ்ஐ முத்திரையோடு இருக்கும் சிஎம்/எல் என்ற உரிம எண்ணை, இந்தியத் தர நிறுவனத்தின் 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் போட்டால் தயாரிப்பாளர் பெயர் வரும். வரவில்லையா, ஸ்டேஷன் ரைட்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட்டின் மேல் ஓட்டை வெயிலில் சாய்த்துப் பிடித்து முடி மாதிரி கீறல் ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்தும்போது நெறுநெறு சத்தம் வந்தால் ஓரமாக வைத்துவிடுங்கள்.

நம் பக்கத்தில் பெரிய வில்லன் உப்புக்காற்று. தாடைப்பட்டியை ஓட்டோடு பிடித்திருக்கும் ரிவெட் துருப்பிடித்து, பட்டியில் டீக்கறை மாதிரி பழுப்பாக இறங்கியிருக்கும். அழுக்கு என்றுதான் நானும் நினைத்தேன். காசிமேட்டில் ஒரு நாள் டூட்டியில் குனிந்து நிமிர்ந்தபோது ரிவெட் கையோடு வந்துவிட்டது, ஹெல்மெட் மீன்கூடைகளுக்கு நடுவே உருண்டது. அதனால் பட்டியை மாட்டி, பக்கிளைப் போட்டு, இன்னொருவரைப் பின்விளிம்பைப் பிடித்து முன்பக்கமாகத் தூக்கச் சொல்லுங்கள். நெற்றியைத் தாண்டிக் கழன்று வந்தால் ஒன்று பட்டி லூஸ், அல்லது அது உங்கள் அளவு இல்லை.

முகத்தை மறைக்கும் வைசரில் ஒட்டிய பெயிண்டை எடுக்க தின்னரோ பெட்ரோலோ தொடவே வேண்டாம். வைசரின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் அது பட்டால் உள்ளுக்குள்ளேயே வெடிப்பு விட்டுவிடும். சோப்புத் தண்ணீரும் பழைய பனியன் துணியும் போதும்.