ஒரு மதம் வந்த வழியைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு நாட்டில் ஒரு மதம் எப்படிப் பரவியது என்று கேட்டால், வணிகர்கள் கொண்டுவந்தார்கள் அல்லது படையெடுத்து வந்தவர்கள் புகுத்தினார்கள் என்ற இரண்டு விடைகளில் ஒன்றுதான் பெரும்பாலும் கிடைக்கிறது. இரண்டும் முழுப் பொய்யல்ல. ஆனால் இந்த ஒற்றை வரியோடு நின்றுவிட்டால், இடையில் கழிந்த தலைமுறைகளும் அந்த மக்கள் தாமே எடுத்த முடிவுகளும் கண்ணுக்குப் படாமலேயே போய்விடுகின்றன. பழங்காலச் சமய வரலாற்றைத் தாமே தேடிப் படிக்க விரும்புவோருக்காக, நான் கையாளும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஒரு தாளில் மூன்று காலங்களைத் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்: புதிய மதத்தினர் அந்த நாட்டுக்கு முதன்முதலாக வந்த காலம், ஆட்சியாளர் அந்த மதத்தைத் தழுவிய காலம், மக்களில் பெரும்பாலோர் தழுவிய காலம். இம்மூன்றும் ஒன்றாக அமைவது மிக அரிது. அவற்றுக்கு இடையே உள்ள இடைவெளியில்தான் நாம் தேடும் வரலாறு இருக்கிறது.

எகிப்தை எடுத்துக்கொள்வோம். அரபுப் படைகள் 639-க்கும் 642-க்கும் இடையில் அந்த நாட்டைக் கைப்பற்றின. அங்கே 643-ல் எழுதப்பட்ட ஒரு பாப்பிரஸ் (நாணல் தாள்) ஏடு இன்றும் உள்ளது. படைக்காக 65 ஆடுகள் பெற்றுக்கொண்டதற்கான ரசீது அது. கிரேக்கத்திலும் அரபியிலும் எழுதப்பட்டிருக்கும் அந்த ஏட்டின் கிரேக்கப் பகுதியை எழுதியவர் யோவான் என்னும் எழுத்தர். அவர் கிறித்தவத் திருச்சபையின் திருத்தொண்டரும்கூட. வெற்றிபெற்றவர்கள் பழைய நிர்வாகத்தையும் அதன் எழுத்தர்களையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள் என்பதை இந்த ஒரு துண்டு ஏடே காட்டிவிடுகிறது. கலீபா அப்துல் மாலிக் காலத்தில், 690-களின் பிற்பகுதியில், நாணயங்களில் உருவங்கள் நீங்கி அரபு வாசகங்கள் மட்டும் இடம்பெற்றன. அரசு அலுவல்களிலும் அரபி மெல்ல மெல்ல இடம்பிடித்தது. ஆயினும், எகிப்தியரில் பெரும்பாலோர் முஸ்லிம்களாக மாறுவதற்குப் பல நூற்றாண்டுகள் பிடித்தன. முஸ்லிமல்லாதோர் மீதான தலைவரி, அரசுப் பதவிகளின் ஈர்ப்பு, கலப்புத் திருமணம், அவ்வப்போது எழுந்த நெருக்கடிகள் எல்லாம் சேர்ந்தே அந்த மாற்றத்தை உண்டாக்கின. படையெடுப்பு ஆட்சியையும் வரியையும் உடனே மாற்றும். மொழியை மாற்ற அதற்குச் சில தலைமுறைகள் தேவை. நம்பிக்கை கடைசியில்தான் மாறும் என்பதை ஒரு தொடக்க ஊகமாக வைத்துக்கொண்டு தேடலாம்.

வணிகத்தின் வழியே வந்த மதத்தில் வரிசை வேறு. சுமத்ராவின் வடகரையில் இருந்த பெர்லாக் துறைமுகத்தைப் பற்றி, 1292-ல் அவ்வழியே சென்ற மார்க்கோ போலோ, அங்கு அடிக்கடி வந்துபோகும் முஸ்லிம் வணிகர்களால் நகரவாசிகள் இஸ்லாத்தைத் தழுவியிருந்தார்கள் என்றும், மலைப்பகுதி மக்கள் அவ்வாறு மாறவில்லை என்றும் குறித்துள்ளார். அருகிலிருந்த சமுத்திரா பாசையின் சுல்தான் மாலிக் அல் சாலிஹின் கல்லறைக் கல் 1297-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்த அரசர் கனவில் நபிகளைக் கண்டு மதம் மாறினார் என்று பிற்கால மலாய் மரபு சொல்கிறது. இத்தகைய கதைகளை ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு சமூகம் தன் மாற்றத்தை எப்படி நினைவில் வைத்துக்கொள்ள விரும்பியது என்பதற்கு அவை நல்ல சான்று. ஆண்டுக் கணக்குக்கு மட்டும் கல்லையும் பயணக்குறிப்பையும் நம்புங்கள்.

அடுத்து, வந்தவர்கள் எவ்வளவு நாள் தங்கினார்கள் என்று கேளுங்கள். இந்தியப் பெருங்கடலில் பாய்மரக் கப்பல்கள் பருவக்காற்றை நம்பியே ஓடின. வந்த காற்று திசை மாறும் வரை வணிகர்கள் மாதக்கணக்கில் துறைமுகத்திலேயே காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால் அவர்கள் அங்கே வீடு எடுத்தார்கள், உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள், தொழ ஓர் இடம் கட்டினார்கள், தங்கள் வழக்குகளைத் தீர்க்கத் தங்களவர் ஒருவரை அமர்த்தினார்கள். உள்ளூர் வணிகர் ஒருவருக்கு அதே மதத்தில் சேர்வது, தொலைதூரத் துறைமுகங்களிலும் செல்லுபடியாகும் நற்பெயரையும் நம்பகத்தையும் ஒருசேரத் தேடித்தந்தது. இதை வெறும் ஆதாயக் கணக்கென்று சுருக்குவதை நான் ஏற்கவில்லை. பக்தியும் பிழைப்பும் ஒரே வீட்டில் குடியிருந்தன என்பதே சரியான சித்திரம்.

மூன்றாவது சான்று சொற்கள். இதில் அவசரப்படாமல் நேரம் செலவிடுங்கள். கல்வெட்டு இல்லாத இடத்திலும் சொல் இருக்கும். கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் பேசப்படும் சுவாஹிலி, ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் ஒன்று முதல் ஐந்து வரையும், எட்டும் பத்தும் பாண்டுச் சொற்கள். ஆறு, ஏழு, ஒன்பது மட்டும் சித்தா, சபா, திசா என அரபியிலிருந்து வந்தவை. நூறும் ஆயிரமும்கூட அரபிச் சொற்களே. கடற்கரையில் பேரம் பேசிய குரல்கள் அந்த எண்களில் இன்றும் கேட்கின்றன. மலாய் மொழி இன்னும் வியப்பானது. மலாய் முஸ்லிம்கள் நோன்பைப் ‘புவாசா’ என்கிறார்கள். அது ‘உபவாசம்’ என்னும் வடசொல்லிலிருந்து வந்தது. சொர்க்கம் ‘சுர்கா’, நரகம் ‘நெராக்கா’, சமயம் ‘அகாமா’. புதிய மதம் வந்தபோது பழைய மதத்தின் சொற்களே அதைத் தாங்கிக்கொண்டன. அதே மொழியில் கடைக்குக் ‘கெடாய்’ என்றும் கப்பலுக்குக் ‘கப்பால்’ என்றும் சொல்வதைக் கேட்கும் தமிழருக்கு, அந்தச் சொற்கள் ஏறிவந்த கடல்வழியைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

கல்வெட்டைப் படிக்கும்போது, அதில் எத்தனை மொழிகள் இருக்கின்றன, எந்த மொழி யாரை நோக்கிப் பேசுகிறது என்று பாருங்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் பயணத்தோடு தொடர்புடைய காலிக் கல்வெட்டு 1409-ஆம் ஆண்டு நாளிட்டது. 1911-ல் இலங்கையின் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டது. அதன் சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது, தமிழ்ப் பகுதி திருமாலின் வடிவான தேனாவரை நாயனாரைப் போற்றுகிறது, பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது. பொன், வெள்ளி, பட்டு, நறுமண எண்ணெய் எனக் காணிக்கைப் பட்டியல்கள் மூன்றும் ஏறக்குறைய ஒன்றே. அந்தத் துறைமுகத்தில் எந்தெந்தச் சமயத்தாரிடம் மதிப்பைத் தேட வேண்டியிருந்தது என்பதை இந்தக் கல் சொல்லிவிடுகிறது. ஆனால் அதே செங் ஹே, 1411-ல் இலங்கையில் ஓர் அரசரைச் சிறைபிடித்துச் சீனாவுக்கு அழைத்துச் சென்றார். வணிகத்தையும் படையையும் இரு தனிப்பெட்டிகளில் போடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

வென்றவர்கள் மாறினார்களா என்பதையும் மறவாமல் பாருங்கள். 1258-ல் பாக்தாதை அழித்த மங்கோலியரின் வழிவந்து பாரசீகத்தை ஆண்ட கசான் கான், 1295-ல் இஸ்லாத்தைத் தழுவினார். இடையில் கழிந்தது 37 ஆண்டுகளே. நடு ஆசியாவிலிருந்து வந்த குஷாணப் பேரரசர் கனிஷ்கரின் நாணயங்களில், ஈரானியத் தெய்வங்களோடு புத்தரின் உருவமும் கிரேக்க எழுத்தில் அவர் பெயரும் உள்ளன.

இறுதியாக, வேரூன்றாமல் போன மதங்களைத் தேடுங்கள். சீனாவின் சியானில் 781-ல் நிறுவப்பட்ட கல், அலோபென் என்னும் துறவி 635-ல் கிறித்தவத்தைக் கொண்டுவந்ததையும், பேரரசர் அதற்கு அனுமதி தந்ததையும் சீனமொழியில் விரிவாகச் சொல்கிறது. 845-ல் பேரரசர் உசோங் அந்நிய மதங்களை ஒடுக்கியபோது, பௌத்தம் பெரும் இழப்புகளோடு தப்பிப் பிழைத்தது. அதற்குள் அது சீனரின் சொந்த மதமாகியிருந்தது. கிறித்தவமோ சீன நிலப்பகுதியில் ஏறக்குறைய மறைந்தே போனது. காரணத்தைத் தேடுவோர் அந்தக் கல்லின் பக்கவாட்டுகளைப் பார்க்க வேண்டும்: அங்கே குருமார்களின் பெயர்கள் வரிசையாகச் சிரியாக் என்னும் மேற்காசிய மொழியின் எழுத்தில் செதுக்கப்பட்டுள்ளன. பௌத்தத்தைப் போலன்றி, அது அந்நியரின் மதமாகவே நின்றுவிட்டது என்பதற்கான குறிப்பு அது.