பழைய வரைபடமும் குடும்பத்தார் நினைவும்: மெட்டல் டிடெக்டரில் நாணயம் தேடத் தொடங்குபவர்களுக்கு

மெட்டல் டிடெக்டர் கைக்கு வந்ததும், கண்ணில் படும் வெற்றிடத்தில் இறங்கித் தேடிப் பார்க்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். அப்படித் தேடினால் பெரும்பாலும் ஆணியும் பாட்டில் மூடியும் தகரத் துண்டும்தான் கிடைக்கும். இதில் கருவியின் குறை ஒன்றுமில்லை. அதன் முனையில் தரையை ஒட்டி நகரும் வட்டமான சுருளுக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்பதை மட்டும்தான் அதனால் சொல்ல முடியும். ஒற்றை நாணயம் என்றால் பெரும்பாலும் 15, 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் இருந்தால்தான் தெளிவாகப் பிடிபடும். எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு உதவ இரண்டு பேர் இருக்கிறார்கள்: உங்கள் குடும்பத்துப் பெரியவர்கள், பழைய வரைபடத்தை வரைந்த நில அளவையாளர்கள்.

படி 1: பெரியவர்களிடம் பேசுங்கள், புதையலைப் பற்றிக் கேட்காமல்

எல்லாப் படிகளிலும் அவசரமானது இதுதான். வரைபடம் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கும், எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். தொண்ணூறு வயது நினைவு அப்படிக் காத்திருக்காது.

"புதைத்த பணம் எங்கே?" என்று கேட்டால் கதைதான் கிடைக்கும். தலைமுறைக்குத் தலைமுறை அந்தக் கதையில் பணம் பெருகிக்கொண்டே போகும். ஆனால் அதே கதையில் வரும் இடங்கள், அதாவது கிணறு, பின்வாசல், வேலி ஓரத்து மரம் போன்றவை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதனால் அன்றாட விஷயங்களைக் கேளுங்கள்:

- எந்த வழியாக வீட்டுக்குள் வருவீர்கள்?
- தண்ணீர் எங்கிருந்து எடுத்து வருவீர்கள்?
- துணி எங்கே காயப்போடுவீர்கள்?
- வண்டியை எங்கே நிறுத்துவார்கள்?
- வேலை முடிந்ததும் கூலி எங்கே கொடுப்பார்கள்?
- வெயில் நேரத்தில் எல்லோரும் எந்த நிழலில் உட்காருவார்கள்?

இவை வெறும் பேச்சுக்காகக் கேட்கும் கேள்விகள் அல்ல. மனிதர் குனிந்த இடம், உட்கார்ந்து எழுந்த இடம், பணம் கை மாறிய இடம் ஆகியவற்றில்தான் நாணயம் தவறி விழும். துணி உதறும் இடத்தில் பையில் மறந்த காசு விழுந்திருக்கும். வாயிற்படியிலும் கிணற்றடியிலும் தலைமுறைக் கணக்கில் ஆட்கள் குனிந்து நிமிர்ந்திருப்பார்கள்.

பேசும்போது ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, வீட்டையும் சுற்றுப்புறத்தையும் வரையச் சொல்லுங்கள். கோடு கோணலாக இருந்தால் பரவாயில்லை. கிணறு வீட்டுக்கு எந்தப் பக்கம், பாதை எதைச் சுற்றிப் போனது என்பதுதான் நமக்கு வேண்டும். இரண்டு பேர் இருந்தால் தனித்தனியாக வரையச் சொல்லி, இருவர் படத்திலும் ஒத்துப்போகும் இடங்களுக்கு முதலிடம் கொடுங்கள். அனுமதி கேட்டுப் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாம் முறை கேட்கும்போது முதலில் காதில் விழாத ஊர்ப்பெயரோ பாதைப்பெயரோ பிடிபடும்.

உண்மையிலேயே பணத்தை ஒளித்து வைத்தார்கள் என்று தோன்றினால், ஒளித்தவராக நின்று யோசியுங்கள். அவருக்கு அந்த இடம் மறக்கக் கூடாது, தூரத்திலும் இருக்கக் கூடாது. பெரிய மரம், கிணறு, வேலி மூலை என அசையாத ஓர் அடையாளத்தின் அருகில், வீட்டிலிருந்து கண் படும் தொலைவில்தான் வைத்திருப்பார்.

படி 2: பெயரை நிலத்தோடு இணையுங்கள்

அடுத்தது காகிதங்கள். கிரயப் பத்திரம், வரி ரசீது, பழைய கடித உறையில் இருக்கும் முகவரி என எல்லாவற்றையும் எடுத்துப் பாருங்கள். பத்திரத்தில் நான்கு எல்லைகளும் எழுதியிருக்கும். "வடக்கே ஓடை, கிழக்கே இன்னார் நிலம்" என்ற ஒரு வரி போதும், அந்தப் பக்கத்து நிலக்காரரின் பெயரை வைத்தே வரைபடத்தில் உங்கள் இடத்தைப் பிடித்துவிடலாம்.

நாட்டுக்கு நாடு பதிவுகள் மாறும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1836ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தயாரான டைத் (தேவாலயத்துக்கான பத்திலொரு பங்கு வரி) வரைபடங்களும் அவற்றோடு சேர்ந்த பட்டியல்களும் உண்டு. ஒவ்வொரு நிலத்துக்கும் உரிமையாளர் யார், அனுபவித்தவர் யார் என்று அவை சொல்லும், பல இடங்களில் வயலின் பெயரும் இருக்கும். அமெரிக்காவில் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921இல் நடந்த தீவிபத்தால் அழிந்துபோனது. அந்தக் காலத்து முன்னோரைத் தேடுபவர்கள் நிலவரிப் பதிவுகளையும் நகர முகவரிப் புத்தகங்களையும் பார்க்க வேண்டும்.

தொழில் என்ன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கொல்லர் பட்டறை இருந்த இடத்தில் இரும்புக் குப்பை கருவியைக் கத்த வைத்துக்கொண்டே இருக்கும். கடை, சத்திரம், படகுத்துறை இருந்த இடமென்றால் சில்லறை புழங்கிய இடம், என் வாக்கு எப்போதும் இவற்றுக்குத்தான்.

படி 3: சரியான வரைபடத்தைத் தேர்ந்தெடுங்கள்

பழையதாக இருந்தால் மட்டும் போதாது, அளவுகோலைப் பாருங்கள். 1:63,360 வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 63 மீட்டருக்கும் மேல். பேனாக் கோட்டின் தடிமனிலேயே ஒரு வீடு மறைந்துவிடும். 1:10,560 என்றால் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் பத்தரை மீட்டர். 1:2,500 கிடைத்தால் வெறும் இரண்டரை மீட்டர், கட்டடத்தின் வடிவமே தெரியும். 1:63,360 போன்ற சிறிய அளவுகோல் வரைபடத்தை ஊரையும் பாதையையும் அடையாளம் காண மட்டும் வைத்துக்கொண்டு, தேடும் இடத்தைக் குறிக்கப் 1:2,500 போன்ற பெரிய அளவுகோலுக்குப் போங்கள்.

ஓரத்தில் உள்ள சிறிய எழுத்துகளையும் படியுங்கள். அச்சான ஆண்டு வேறு, அளந்த ஆண்டு வேறு. நமக்குத் தேவை அளந்த ஆண்டு.

ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பிரிட்டனின் நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடங்களை இன்றைய படத்தின் மேல் வைத்தே பார்க்கலாம். அமெரிக்காவுக்கு, அந்நாட்டுப் புவியியல் அளவைத் துறையின் டோப்போவியூ என்ற இணையதளம் இருக்கிறது. அங்குள்ள நகரங்களுக்கு சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடங்கள் அருமையானவை, கட்டடம் எதனால் கட்டப்பட்டது என்பதைக்கூட நிறத்தால் காட்டும். பிற நாடுகளுக்கு டேவிட் ரம்சே வரைபடத் தொகுப்பு என்ற இணையதளத்தில் தேடலாம், அப்புறம் அந்தந்த நாட்டு ஆவணக் காப்பகம் இருக்கவே இருக்கிறது.

வெவ்வேறு காலத்தைச் சேர்ந்த இரண்டு வரைபடங்களையாவது எடுங்கள். முதலாவதில் இருக்கும் வீடு இரண்டாவதில் இல்லையென்றால் கவனியுங்கள். பிறகு அங்கே எதுவும் கட்டப்படாமல் இருந்தால், மண் அதிகம் புரட்டப்படாத நல்ல இடம் அது.

படி 4: பழையதைப் புதியதன் மேல் பொருத்துங்கள்

கணினியில் கூகுள் எர்த் ப்ரோவைத் திறந்து, வரைபடப் படத்தை மேலடுக்காகச் சேர்க்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். கேமராவில் சாய்வாக எடுத்த படம் சரியாகப் பொருந்தாது, ஸ்கேன் செய்த தட்டையான படம் வேண்டும். மேலடுக்கைப் பாதி ஒளிபுகும்படி வைத்துவிட்டு, ஓரங்களை இழுத்துப் பொருத்துங்கள்.

எதை வைத்துப் பொருத்துவது? நூறு ஆண்டுகளில் நகராதவற்றை வைத்து: வழிபாட்டுத் தலத்தின் மூலை, கல்பாலம், ரயில் பாதை, பழைய சாலைச் சந்திப்பு. ஆற்றங்கரையை நம்பாதீர்கள், ஆறு இடம் மாறும். நீங்கள் தேடும் இடத்தைச் சுற்றி நாலாபக்கமும் ஒவ்வொரு புள்ளியாவது வேண்டும். எல்லாம் ஒரே பக்கமாக இருந்தால் மறுபக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

பொருத்தியதும், இதுவரை பயன்படுத்தாத இன்னொரு புள்ளியை எடுத்துச் சரிபாருங்கள். அது 12 மீட்டர் தள்ளி விழுந்தால், உங்கள் வீட்டுப் புள்ளியும் ஏறக்குறைய அவ்வளவு தள்ளி இருக்கலாம் என்று பொருள். அதோடு கைப்பேசி ஜிபிஎஸ் திறந்த வெளியில் ஐந்து மீட்டர் வரை பிசகும், மரத்தடியில் அதற்கும் மேல். இரண்டையும் கூட்டினால் வருவதுதான் நீங்கள் தேட வேண்டிய வட்டத்தின் ஆரம்.

படி 5: அனுமதி

இதில் விட்டுக்கொடுப்பே கூடாது. தாத்தாவின் நிலமாக இருந்தது என்பதால் இன்று அது உங்கள் நிலமாகிவிடாது. இன்றைய உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், கிடைப்பது யாருக்கு என்பதையும் முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களின் பக்கமே கருவியோடு போகாதீர்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து கிடைக்கும் புதையலின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இருக்கிறது. உங்கள் நாட்டில் கருவியைப் பயன்படுத்தவே உரிமம் வேண்டுமா என்பதை முதலில் விசாரியுங்கள்.

படி 6: களத்தில்

வட்டத்துக்குள் போனதும் நாணயத்தைத் தேடாதீர்கள், வீட்டைத் தேடுங்கள். இரும்பை வடிகட்டும் அமைப்பை அணைத்துவிட்டு நடந்தால், ஓரிடத்தில் ஆணிகளின் ஒலி அடர்த்தியாகக் கேட்கும். தரையில் செங்கல் துண்டோ சுண்ணாம்போ ஓட்டுச்சில்லோ தென்பட்டால் இடம் உறுதி. இப்போது அந்தப் பென்சில் படத்தை எடுங்கள். வீடு தெரிந்துவிட்டதால், வாசலும் கிணறும் பாதையும் எந்தத் திசை என்பது தானாகத் தெரியும்.

அந்த இடங்களைக் கயிறு கட்டிப் பட்டைகளாகப் பிரித்து, சுருளைத் தரையை ஒட்டி மெதுவாக வீசுங்கள். ஒரு வீச்சு முந்தையதன் பாதியை மூட வேண்டும். முடிந்ததும் குறுக்குத் திசையில் இன்னொரு முறை. செங்குத்தாகக் கிடக்கும் நாணயமும் ஆணிக்குப் பக்கத்தில் ஒளிந்த நாணயமும் அப்போது அகப்படலாம்.

புல்தரையில் மூன்று பக்கம் மட்டும் வெட்டி, மடல் போல் திருப்பித் தோண்டுங்கள். பிறகு மண்ணை நிரப்பி மூடி மிதித்துவிடுங்கள். வெடிபொருள் போல் ஏதாவது தென்பட்டால் தொடாமல் விலகிக் காவல்துறையைக் கூப்பிடுங்கள்.

படி 7: கிடைத்ததைக் குறியுங்கள்

நாணயத்தைத் தேய்க்க வேண்டாம். ஒரு தேய்ப்பில் எழுத்தும் போகும், மதிப்பும் போகும். தளர்ந்த மண்ணைத் தண்ணீரில் அலசி, உலரவிட்டுத் தனி உறையில் போடுங்கள். உறையின் மேல் ஆழம், ஜிபிஎஸ் எண்கள், நாள் மூன்றையும் எழுதுங்கள். அன்றைக்கே அந்தப் புள்ளிகளைக் கணினியில் வரைபடத்தின் மேல் ஏற்றுங்கள். நான்கைந்து புள்ளிகள் ஒரே கோட்டில் விழுந்தால், எந்த வரைபடத்திலும் வராத ஒரு நடைபாதை அங்கே இருந்திருக்கலாம். அந்தக் கோட்டை இரு பக்கமும் நீட்டிப் பாருங்கள், அடுத்த முறை அங்கிருந்து தொடங்கலாம். பெரியவர் இருந்தால் படத்தை அவரிடம் காட்டி, "இந்தப் பக்கம் எங்கே போவீர்கள்?" என்றும் கேட்டுவிடுங்கள்.