பி-கிளைக்கோபுரோட்டீன் மருந்தை வெளியே தள்ளுகிறதா? காக்கோ-2 செல் அடுக்கில் சோதிக்கும் முறை

குடல் செல்லில் உணவுப் பக்கம் உள்ள சவ்விலும், மூளைத் தந்துகியில் இரத்தப் பக்கம் உள்ள சவ்விலும் பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற புரதம் இருக்கிறது. நுழையும் மருந்தை, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து வந்த வழியே தள்ளிவிடும். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், இது இல்லாத சுண்டெலிகளுக்கு ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணிக்கொல்லி மருந்து மூளையில் சேர்ந்து நஞ்சானது.

12 குழித் தட்டில் 0.4 மைக்ரான் துளையுள்ள, 1.12 சதுர செ.மீ. இன்செர்ட்டுகளில் (குழிக்குள் தொங்கும், துளைச்சவ்வு அடியுள்ள கிண்ணங்கள்), சதுர செ.மீ.க்கு சுமார் 60,000 காக்கோ-2 செல்கள் (மனிதப் பெருங்குடல் புற்றிலிருந்து வந்தவை, குடல் செல் போல அடுக்காக வளர்பவை) விதைத்து 21 நாள் வளர்க்கவும். கிண்ணத்தின் உட்புறம் மேலறை, அதாவது உணவுப் பக்கம்; அதன் அடியில் உள்ள குழி கீழறை, அதாவது இரத்தப் பக்கம். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊடகம் மாற்றவும். உறிஞ்சும்போது முதலில் கீழறை, பிறகு மேலறை. ஊற்றும்போது முதலில் மேலறை. வரிசை மாறினால் கீழிருந்து வரும் அழுத்தம் செல்களைப் பெயர்த்துவிடும்.

சோதனைக்கு முன், செல் அடுக்கு கசியாமல் மூடியிருக்கிறதா என்று அறிய அதன் மின்தடையை அளக்கவும். செல் இல்லாத இன்செர்ட்டின் அளவைக் கழித்து, பரப்பால் பெருக்க வேண்டும்: 520 ஓம், வெற்று 120 என்றால் 400 × 1.12 = 448 ஓம் சதுர செ.மீ. தட்டு குளிர்ந்திருந்தால் அளவு பொய்யாக ஏறும்.

சோதனைக்கு, பிஎச்-ஐ நிலைநிறுத்தும் ஹெப்பெஸ் சேர்த்த ஹாங்க்ஸ் உப்புக் கரைசல், 37 டிகிரி, இருபுறமும் பிஎச் 7.4. மேலறையில் 0.5, கீழறையில் 1.5 மில்லி. மருந்தைச் சில இன்செர்ட்டுகளில் மேலே மட்டும், சிலவற்றில் கீழே மட்டும் இடவும். கூடவே, இந்தப் புரதம் வெளியே தள்ளும் என்று தெரிந்த டிகாக்ஸின் 10 மைக்ரோமோலார் ஒப்பீட்டுக்கு ஓடட்டும். மருந்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 30, 60, 90 நிமிடங்களில் எதிரறையிலிருந்து 0.2 மில்லி எடுத்து, அதே அளவு புதுக் கரைசல் விடவும். எடுத்த மருந்தைக் கணக்கில் திரும்பச் சேர்க்க மறக்காதீர்கள்.

அதிகம் பேர் சறுக்குவது கணக்கில்தான். எதிரறைச் செறிவுகளை நேரடியாக ஒப்பிடாதீர்கள். மேலறை 0.5 மில்லிதான் என்பதால், கடந்த மருந்து சமமாக இருந்தாலும் அங்கே செறிவு மூன்று மடங்கு தெரியும். எந்தப் புரதமும் தொடாத மூலக்கூறுகூட 3 என்ற விகிதம் காட்டும். செறிவைக் கன அளவால் பெருக்கி, நேரத்தாலும் பரப்பாலும் தொடக்கச் செறிவாலும் வகுத்த பிறகே, கீழிருந்து மேல் செல்லும் மதிப்பை மேலிருந்து கீழ் செல்லும் மதிப்பால் வகுத்து விகிதம் போடவும்.

விகிதம் 2-க்கு மேல் வந்தால் வெராபமில் போன்ற, இந்தப் புரதத்தைத் தடுக்கும் தடுப்பானை இருபுறமும் இட்டு மீண்டும் ஓட்டுங்கள். விகிதம் பாதிக்கும் கீழே இறங்கினால் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் மேலறை, கீழறை, செல் மூன்றிலும் கிடைத்ததைக் கூட்டியும் இட்ட மருந்தில் பெரும்பங்கு காணவில்லை என்றால், அது பிளாஸ்டிக்கில் ஒட்டியிருக்கக்கூடும். அந்தத் தட்டின் விகிதத்தை எழுதாமல், எதிரறையில் மருந்தைப் பிடித்துவைக்கும் ஆல்புமின் புரதம் சிறிது சேர்த்து மறுபடி செய்யவும்.