ஆட்டோகேட் டிராயிங்கில் வேண்டாத லேயர், பிளாக்குகளை நீக்குவது எப்படி?

வேறு யாரோ வரைந்த டிராயிங் ஒன்று உங்கள் கைக்கு வருகிறது. திரையில் இருப்பது ஒரே ஒரு பிளான்தான், ஆனால் லேயர் (சுவர், கதவு என்று கோடுகளை வகை பிரித்து வைக்கும் அடுக்கு) பட்டியலைத் திறந்தால் கீழே கீழே ஓடிக்கொண்டே இருக்கிறது, பாதிக்கு மேல் என்னவென்றே தெரியாத பெயர்கள். வேண்டாததை எல்லாம் அழித்துவிட்டு சேவ் செய்து பார்த்தாலும் ஃபைல் அளவு பெரிதாகக் குறைவதில்லை. ஏன் என்று புரிந்துகொண்டால் மீதி வேலை சுலபம்.

பல கோடுகளைச் சேர்த்து ஒரே பொருளாகப் பெயரிட்டு வைத்திருப்பதுதான் பிளாக். ஒரு நாற்காலி பிளாக்கை 40 இடங்களில் வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். திரையில் தெரிகிற அந்த 40 நாற்காலிகளும் வெறும் பிரதிகள்தான். அந்த நாற்காலி எப்படி இருக்க வேண்டும் என்கிற மூல வரையறை ஃபைலுக்குள் ஒரே ஒரு முறை தனியாகப் பதிவாகியிருக்கும். 40-ஐயும் அழித்தாலும் அது போகாது. அதை வெளியேற்றத்தான் பர்ஜ் (PURGE) என்ற கமாண்ட் இருக்கிறது.

முதலில் ஃபைலை வேறு பெயரில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். பர்ஜ் செய்ததை அன்டூ செய்யலாம், ஆனால் சேவ் செய்து மூடிவிட்டால் அந்த வழியும் கிடையாது. அப்புறம் ஆடிட் (AUDIT) கமாண்ட் கொடுத்து, பிழைகளைச் சரிசெய்யவா என்று கேட்கும்போது யெஸ் சொல்லுங்கள்.

அடுத்து எல்லா லேயர்களையும் ஆன் செய்து, ஃப்ரீஸ், லாக் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஃப்ரீஸில் கிடக்கும் ஒரு கோடு கூட அந்த லேயரைப் பிடித்து வைத்திருக்கும். லேவாக் (LAYWALK) என்று ஒரு கமாண்ட் இருக்கிறது, புதிதாகப் பழகுகிறவர்கள் அவசியம் பயன்படுத்த வேண்டியது: பட்டியலில் ஒரு லேயரைத் தொட்டால் அதில் இருப்பது மட்டும் திரையில் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்த்து எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்து, வேண்டாதவற்றை அழியுங்கள். பிரின்ட்டுக்கான தாள்களாக இருக்கும் லேஅவுட் டேப்களையும் மறக்காமல் பாருங்கள், அங்கே ஒரு மூலையில் கிடப்பதும் கணக்கில் வரும்.

இப்போது பி, யு என்று இரண்டு எழுத்து தட்டி என்டர் கொடுத்தால் பர்ஜ் பெட்டி திறக்கும். யாரும் பயன்படுத்தாத பிளாக், லேயர், டெக்ஸ்ட் ஸ்டைல், டைமென்ஷன் ஸ்டைல் எல்லாம் வரிசையாக இருக்கும். எடுத்த எடுப்பில் பர்ஜ் ஆல் அழுத்த வேண்டாம் என்பது என் கருத்து, ஏனென்றால் இன்னும் பயன்படுத்தவில்லை என்றாலும் பின்னால் தேவைப்படும் என்று யாராவது போட்டு வைத்த ஸ்டைல்களும் லேயர்களும் அதோடு போய்விடும். பிளாக்கையும் லேயரையும் விரித்துப் பார்த்து, வேண்டாதவற்றை மட்டும் டிக் செய்யுங்கள். நெஸ்டட் ஐட்டம்ஸ் என்பதையும் டிக் செய்துவிடுங்கள்: பிளாக்குக்குள் பிளாக் இருந்தால் வெளியே உள்ளது போன பிறகுதான் உள்ளே உள்ளது விடுபடும், இல்லையென்றால் திரும்பத் திரும்ப பர்ஜ் செய்ய வேண்டியிருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு சில லேயர்கள் போகாது. 0 லேயர் எப்போதும் போகாது. இப்போது கரன்ட்டாக இருக்கும் லேயரும், எக்ஸ்ரெஃப் (இதோடு இணைத்திருக்கும் வேறொரு டிராயிங் ஃபைல்) வழியாக வந்த லேயர்களும் போகாது. டைமென்ஷன் போட்டாலே தானாக உருவாகும் டெஃப்பாயின்ட்ஸை அப்படியே விட்டுவிடலாம், அது பிரின்ட்டில் வராது.

இவை எதிலும் சேராமல் ஒரு லேயர் அடம்பிடித்தால் காரணம் பெரும்பாலும் பிளாக்குக்குள் இருக்கும். எனக்கு ஒரு முறை அப்படித்தான் ஆனது. அந்த லேயரை மட்டும் ஆன் செய்து பார்த்தால், கதவு இருந்த இடத்தில் எல்லாம் ஒரு சின்னக் கோடு மட்டும் தனியாக நின்றது. கதவின் கைப்பிடி. அதைத் தொட்டால் முழுக் கதவும் செலக்ட் ஆகிறது, ப்ராப்பர்ட்டீஸில் கதவு என்ற லேயரைத்தான் காட்டுகிறது, ஏனென்றால் அங்கே தெரிவது பிளாக்கை வைத்த லேயர், உள்ளே இருக்கும் கோட்டின் லேயர் இல்லை. கதவை டபுள் கிளிக் செய்து பிளாக் எடிட்டரில் திறந்து, அந்தக் கோட்டை 0 லேயருக்கு மாற்றி சேவ் செய்தேன். மறுபடி பர்ஜ் கொடுத்ததும் லேயர் போய்விட்டது. 2020 பதிப்பு முதல் பர்ஜ் பெட்டியிலேயே, நீக்க முடியாதவற்றைத் தேடிக் காரணத்தைக் காட்டும் வசதியும் இருக்கிறது.

லேயரையே அழிக்கும் லேடெல் (LAYDEL) கமாண்ட் கொடுத்தால் ஒரே நொடியில் முடிந்திருக்குமே என்று கேட்கலாம். முடிந்திருக்கும், ஆனால் லேடெல் அந்த லேயரில் உள்ள எல்லாவற்றையும், பிளாக்குக்குள் இருப்பதையும் சேர்த்தே அழிக்கும், எல்லாக் கதவுகளிலும் கைப்பிடி காணாமல் போயிருக்கும். எச்சரிக்கை வரத்தான் செய்யும், அவசரத்தில் படிக்காமல் யெஸ் கொடுத்துவிடுவோம். கோடுகள் வேண்டும், லேயர் மட்டும் வேண்டாம் என்றால் லேமெர்ஜ் (LAYMRG) பயன்படுத்துங்கள், அது எல்லாவற்றையும் நீங்கள் சொல்லும் லேயருக்கு மாற்றிவிட்டுப் பழைய லேயரை நீக்கும்.

கடைசியாக, பர்ஜ் என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி சேர்த்து டைப் செய்தால் பெட்டி திறக்காமல் கமாண்ட் வரியிலேயே கேள்விகள் வரும். அதில் ஆர் கொடுத்து, பெயர் கேட்கும் இடத்தில் என்டர், ஒவ்வொன்றாகச் சரிபார்க்கவா என்றால் நோ. மற்ற மென்பொருள்கள் ஃபைலுக்குள் தங்கள் பெயரைப் பதிந்து விட்டுப்போன ரெக்ஆப் பதிவுகள் இதில் போகும். சரி, இப்போது சேவ் செய்துவிட்டு, எடுத்து வைத்த காப்பியையும் பக்கத்தில் திறந்து ஒவ்வொரு லேஅவுட்டாக ஒப்பிட்டுப் பாருங்கள், எல்லாக் கதவுகளிலும் கைப்பிடி இருக்கிறதா என்று.