வெயில் காலத்தில் வீடு காட்ட ஞாயிறு காலை 7 மணி

வேலூரில் சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் மாடி வீட்டை விற்கக் காட்டுவதாக இருந்தால், வெயில் காலத்தில் ஆட்களை ஞாயிறு சாயங்காலம் வரச் சொல்லாதீர்கள், காலை 7 மணிக்கே கூப்பிடுங்கள். பகலெல்லாம் குடித்த சூட்டை கான்கிரீட் தளம் பொழுது சாய்ந்த பிறகுதான் உள்ளே இறக்கும், ஃபேனைப் போட்டால் அனல்தான் வரும், வந்தவர் ஹாலைத் தாண்டமாட்டார். அதுவும் போக ஞாயிறு 4.30 முதல் 6 வரை ராகு காலம். வீடு பிடித்திருந்தாலும் அட்வான்ஸ் பேச்சை எடுக்கமாட்டார்கள். மேலே இன்னொரு மாடி இருக்கிற தரைத்தள வீட்டுக்கு இந்தச் சூட்டுக் கணக்கு பொருந்தாது. அப்புறம், வாடகைக்கு ஆள் இருக்கிற வீடென்றால் காலை 7 மணி வேண்டவே வேண்டாம், குக்கரும் குளியலுமாக இருக்கும் நேரத்தில் கதவைத் தட்டினால் அவர்களே குறையெல்லாம் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.