நாய் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்கிறதா? முதலில் தராசை எடுங்கள்

"என் நாய் தண்ணீரே குடிப்பதில்லை" என்று யாராவது சொன்னால், "எவ்வளவு குடிக்கிறது?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. கிண்ணத்தை எட்டிப் பார்த்து, "வைத்தது அப்படியே இருக்கிறதே" என்பார்கள். எங்கள் மணியைப் பற்றி வீட்டில் எழுந்த கவலையும் இப்படித்தான் தொடங்கியது. அது தீர்ந்தது தராசால். ஆகவே இந்தப் பதிவில் பெரும்பகுதி அளப்பதைப் பற்றியே இருக்கும்; குடிக்க வைக்கும் வழிகள் அப்புறம்தான்.

தொடங்கும் முன் ஒன்று. நாய் ஒரு முழு நாள் தண்ணீரைத் தொடவில்லை என்றாலோ, கூடவே வாந்தி, பேதி, சோர்வு இருந்தாலோ, இதையெல்லாம் செய்து பார்த்துக்கொண்டிருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். குட்டிகளுக்கு அந்த ஒரு நாள் கெடுவும் கிடையாது.

படி 1: எவ்வளவு தேவை?

ஆரோக்கியமான நாய்க்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 50 முதல் 60 மில்லி தண்ணீர் வேண்டும். வெயில், ஓட்டம், குட்டிகளுக்குப் பால் கொடுப்பது எல்லாம் இதைக் கூட்டும். இது கிண்ணத்திலிருந்து குடிப்பது மட்டும் அல்ல; உணவில் உள்ள ஈரமும் இதில் சேரும். அதை மறந்துவிட்டுத்தான் பலர் வீணாகப் பயப்படுகிறார்கள்.

12 கிலோ நாய் என்று வைத்துக்கொள்வோம். தேவை 600 முதல் 720 மில்லி. டின்னில் வரும் ஈர உணவில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தான். 400 கிராம் சாப்பிட்டாலே 300 மில்லி உள்ளே போய்விடும். அப்புறம் கிண்ணத்திலிருந்து 300, 400 மில்லி குடித்தால் போதும். அதே நாய் உலர் உணவு சாப்பிட்டால் கதை வேறு. அதில் ஈரம் பத்தில் ஒரு பங்குதான். 200 கிராமில் 20 மில்லி. மீதி முழுவதும் கிண்ணத்திலிருந்துதான் வர வேண்டும். உலர் உணவிலிருந்து ஈர உணவுக்கு மாற்றிய வாரத்தில் நாய் குடிப்பதைக் குறைத்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

படி 2: அளப்பது

கோடு போட்ட அளவுக் குவளையைவிட சமையலறை டிஜிட்டல் தராசுதான் எனக்குப் பிடித்தது. ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம். குனிந்து கோட்டைப் பார்க்கும் வேலை இல்லை.

காலையில் ஒரு ஜாடியில் ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்து வையுங்கள். பெரிய நாய் என்றால் இரண்டு அல்லது மூன்று லிட்டர். வீட்டில் யார் கிண்ணத்தை நிரப்பினாலும் அந்த ஜாடியிலிருந்து மட்டும்தான். மறுநாள் அதே நேரத்தில் ஜாடியிலும் கிண்ணத்திலும் மீந்திருப்பதை எடை போட்டு, எடுத்து வைத்த அளவிலிருந்து கழித்துவிடுங்கள். நாய் குடித்தது எவ்வளவு என்று வந்துவிடும்.

இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. நாய்த் தண்ணீரை நாளைக்கு இரண்டு முறையாவது மாற்ற வேண்டும் அல்லவா? மாற்றும்போது பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டால், அதையும் நாயே குடித்ததாகக் கணக்கு சொல்லும். எங்கள் வீட்டில் ஒரு நாள் 900, மறுநாள் 400 என்று எண்கள் தாறுமாறாக வந்ததற்குக் காரணம் இதுதான். ஆளாளுக்குத் தண்ணீர் மாற்றினார்கள். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. வழி சுலபம்: கிண்ணத்துக்குப் பக்கத்தில் நாய்க்கு எட்டாதபடி மூடி போட்ட ஒரு வாளி வையுங்கள். பழைய தண்ணீர் எல்லாம் அதற்குள். மறுநாள் மீதத்தோடு அதையும் சேர்த்து எடை போடுங்கள். செடிக்கு அப்புறம் ஊற்றிக்கொள்ளலாம்.

ஆவியாகிப் போகும் தண்ணீர் இன்னொன்று. அதே போன்ற இன்னொரு கிண்ணத்தில் அதே அளவு தண்ணீர் ஊற்றி, அதே அறையில் நாய் எட்டாத உயரத்தில் வையுங்கள். அதில் குறைந்ததைக் கழித்துவிடலாம். விசிறிக்கு நேர் கீழே வைத்திருந்தால் இந்தக் கழிவு நிச்சயம் தேவைப்படும்.

ஒரு நாள் எண்ணை வைத்து முடிவுக்கு வராதீர்கள். மூன்று நாள் சராசரி பாருங்கள். அளக்கும் நாட்களில் கழிப்பறை மூடியை மூடி வையுங்கள். பல நாய்கள் அங்கே போய்க் குடிக்கும். சுத்தம் செய்யும் திரவம் கலந்த தண்ணீர் என்பதால், அளந்தாலும் அளக்காவிட்டாலும் அதை மூடித்தான் வைக்க வேண்டும்.

அளக்க நேரமில்லாத நாளில் ஈறைத் தொட்டுப் பாருங்கள். வழவழவென்று ஈரமாக இருக்க வேண்டும். விரலில் ஒட்டுகிற மாதிரி பிசுபிசுத்தால் நீர் குறைந்திருக்கலாம். கழுத்துத் தோலைக் கிள்ளி இழுத்து, உடனே பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். வயதான, மெலிந்த நாய்களிடம் அது ஏமாற்றும். தோல் தளர்ந்திருப்பதால் நீர்ச்சத்து சரியாக இருந்தாலும் மெதுவாகத்தான் திரும்பும்.

படி 3: கிண்ணமும் இடமும்

பிளாஸ்டிக் கிண்ணத்தைத் தூக்கிப் போடுங்கள். கீறல் விழுந்த இடங்களில் கிருமிகள் குடியேறும், வாடை பிடிக்கும். கனமான பீங்கான் கிண்ணம் என் முதல் தேர்வு. ஸ்டீலும் நல்லதுதான், ஆனால் கழுத்துப் பட்டையில் தொங்கும் வில்லை ஸ்டீலில் பட்டு 'டங்' என்றால் சில பயந்தாங்கொள்ளி நாய்கள் அந்தப் பக்கமே போகாது. மூக்கு சப்பையான இனங்களுக்கு அகலமான, ஆழம் குறைந்த கிண்ணம் வசதி.

தினமும் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கிண்ணத்தின் உள்பக்கம் விரலால் தடவினால் வழுக்குகிறது என்றால் அது நுண்ணுயிர்ப் படலம். வெறும் தண்ணீரில் அலசினால் போகாது.

ஒரே ஒரு கிண்ணம் போதாது. நாய் படுக்கும் இடத்தில் ஒன்று, வெளியே போய்வரும் வாசலருகே ஒன்று. வயதான நாய்க்கு இது இன்னும் முக்கியம். மூட்டு வலியோடு மாடிப்படி ஏறி இறங்கித் தண்ணீர் குடிக்க அதற்குத் தோன்றாது. தரை வழுக்கினால் கிண்ணத்தின் முன்னால் ஒரு மிதியடி போடுங்கள். கழுத்து வலி உள்ள நாய்க்குக் கிண்ணத்தைச் சற்று உயர்த்தி வைக்கலாம்.

படி 4: உணவிலேயே தண்ணீர்

என்னைக் கேட்டால் எல்லா உத்திகளிலும் நிச்சயமாகப் பலன் தருவது இதுதான். உலர் உணவில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊற வையுங்கள். முதலில் இரண்டு மூன்று தேக்கரண்டி, பிறகு மெதுவாகக் கூட்டலாம். எடுத்தவுடன் குழம்பாக்கி வைத்தால் சில நாய்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மீந்த ஊறல் உணவை அப்படியே விட்டு வைக்காதீர்கள், சீக்கிரம் கெட்டுவிடும்.

படி 5: ருசி சேர்ப்பது

இதைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. ருசி பழகிய நாய் வெறும் தண்ணீரை ஒதுக்கத் தொடங்கும். அவசியம் என்றால், உப்பு போடாமல் கோழி வேகவைத்த தண்ணீரை ஆற வைத்து, கொழுப்பை நீக்கி, தண்ணீரில் கொஞ்சம் கலக்கலாம். நாளாக ஆகக் கலவையைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பக்கத்தில் வெறும் தண்ணீர்க் கிண்ணமும் எப்போதும் இருக்கட்டும். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு; எனவே கடையில் விற்கும் சூப் கட்டி வேண்டவே வேண்டாம், அதில் உப்பும் அதிகம். பால் பல நாய்களுக்குச் செரிக்காது, பேதியானால் இருக்கிற நீரும் போய்விடும்.

சிரிஞ்சில் ஏற்றி வாயில் பீச்சுவதை நீங்களாகச் செய்யாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குள் போகலாம்.

வாசகர்கள் கேட்டதால் சேர்த்தவை

"அளந்து பார்த்தேன், கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் வருகிறது, நல்லதுதானே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்லதல்ல. தொடர்ந்து அவ்வளவு குடித்தால் சிறுநீரக நோய், சர்க்கரை நோய் போன்றவை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கருத்தடை செய்யாத பெண் நாய் என்றால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். அது அவசர நிலை. நிறையக் குடிக்கிறது என்பதற்காகத் தண்ணீரை நிறுத்தி வைக்காதீர்கள். எழுதி வைத்த எண்களோடு மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொருவரின் நாய் கிண்ணத்துக்குள் காலை விட்டுத் துழாவுகிறதாம். அடியில் விளிம்பு உயர்ந்த தட்டு ஒன்றை வையுங்கள். சிந்தியதை அதிலிருந்து வழித்து வாளியில் ஊற்றினால் கணக்கும் தப்பாது.

மோட்டார் வைத்த நீரூற்றுக் கிண்ணம் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஓடும் தண்ணீரை விரும்பும் நாய்க்குப் பயன்படும்தான். எனக்கு அதில் பெரிய பிடிப்பு இல்லை. கழுவ வேண்டிய பாகங்கள் அதிகம், மோட்டாருக்குள் முடி சிக்கும். வாங்கினால் முதல் சில நாள் மோட்டாரை ஓட விடாமல் சாதாரணக் கிண்ணமாக வையுங்கள். நாய் பழகிய பிறகு ஓட்டுங்கள். பழைய கிண்ணத்தை அதுவரை எடுக்காதீர்கள்.