விருந்துக்கு வராத ஆளைச் செட்டாய் கணக்கில் எழுதாதீர்கள்

எங்கள் டோக்கியோ அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் போன வாரம் செலவுப் படிவத்தை நீட்டி, "அண்ணா, இதுல ரெண்டு பேரைச் சேர்த்து எழுதிடட்டுமா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டு வருடத்துக்கு முன்பு நான் செய்த அதே தப்பு.

தன் கிளாஸில் தானே மது ஊற்றிக்கொள்ளக் கூடாது என்பது போன்ற ஜப்பானிய விருந்துப் பழக்கமெல்லாம் இரண்டு விருந்துக்குப் போனால் பழகிவிடும். நிறுவனச் செலவில் வாடிக்கையாளரை உபசரிக்கும் செட்டாயில் அடி விழுவது வேறு இடத்தில்.

ஆள் கணக்கைக் கூட்டுவது

வெளியாரோடு சாப்பிட்ட செலவு தலைக்கு 10,000 யென்னுக்குள் இருந்தால், வரிக் கணக்கில் அது 'கோசாய்ஹி' என்னும், வரிக் கழிவுக்குக் கட்டுப்பாடுள்ள உபசரிப்புச் செலவில் சேராது. 2024 மார்ச் வரை இந்த வரம்பு 5,000. கொஞ்சம் தாண்டினாலும் முழுத் தொகையும் கோசாய்ஹிதான். யார் யார் வந்தார்கள் என்று எழுதியும் வைக்க வேண்டும். பெயரைக் கூட்டிவிடலாமே என்று இங்கேதான் கை அரிக்கும்.

நான் தப்பு செய்த அன்று டோக்கியோவின் ஷிம்பாஷியில் ஒரு இஸகாயா, அதாவது மதுவும் சாப்பாடும் கிடைக்கும் கடை. நான்கு பேர், பில் 26,000 யென், தலைக்கு 6,500. வாடிக்கையாளர் தரப்பில் இன்னும் இருவர் பெயரை எழுதினேன், 4,333 ஆனது. பட்டியலைப் பார்த்த என் மேலாளர், அந்த இருவரில் ஒருவரை அடுத்த கூட்டத்தில் சந்தித்தபோது, அவருடைய மேலதிகாரி முன்னாலேயே "அன்று வந்ததற்கு நன்றி" என்று குனிந்து வணங்கிவிட்டார். அந்த நிறுவனத்தில் செட்டாய்க்குப் போக முன்அனுமதி வேண்டும். போகாத விருந்துக்கு அந்த மனிதர் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

நான் எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதம் பெரிதில்லை. அவர் அதற்கப்புறம் எங்களோடு ஒரு காப்பி குடிக்கக்கூட வரவில்லை. வரி அதிகாரிகள் இப்படிப் பெயர் கூட்டுவதை மறைப்பு என்று எடுத்துக்கொண்டால், குறைத்துக் கட்டிய வரியின் மேல் 35 சதவீதம் அபராத வரி. வரம்பு தாண்டினால் தாண்டட்டும், உள்ளபடி எழுதுங்கள்.

அரசு அதிகாரியை அழைப்பது

வேண்டாம். தங்கள் பணியோடு தொடர்புள்ள நிறுவனத்தின் செலவில் விருந்துண்ண தேசிய அரசு ஊழியர்களுக்கு 2000 ஏப்ரலிலிருந்தே தடை.

நிஜிகாய்க்குத் தெரியாத கிளப்

இரண்டாம் சுற்றுக்கு, தெருவில் கூப்பிடுகிறவர் பின்னால் போகாதீர்கள். உட்கார்ந்ததற்கு, ஐஸுக்கு, பேச வந்த பெண்ணுக்கு என்று தனித்தனியாகப் பில்லில் ஏறும். கின்சாவின் நல்ல கிளப்கள் பலவற்றில் அறிமுகம் இல்லாமல் நுழையவே முடியாது. உங்கள் மேலாளர் தன் பெயரில் பாட்டில் வாங்கி வைத்திருக்கும் கடைக்கே போங்கள்.

ரசீது

பெயர் எழுத வேண்டிய இடத்தில், யாருக்கும் பொருந்தும் மரியாதைச் சொல்லான 'உஎ-சாமா' என்று பொதுவாக எழுதி வாங்காதீர்கள். நிறுவனப் பெயர் வேண்டும்.

கடைசி ரயில்

விருந்தாளியின் ரயில் நேரத்தை முன்பே பார்த்து வையுங்கள்.